மணல் யாருக்கு, கல் யாருக்கு?

வீக்கெண்ட் வந்தா பைக்கை எடுத்துட்டு ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அங்க போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், அதுக்குக் கீழே வரிசையா கருங்கல். பேருதான் பீச், கால் வைக்க மணல் கிடையாது. இப்போ தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல குழந்தைங்க மணல்ல குழி தோண்டி விளையாடுறாங்க.

அந்த மணல் எங்க போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சு, யாருக்கு மட்டும் திரும்பி வரலை? இன்னைக்குப் பேசப்போறது அதைத்தான்.

நம்ம கிழக்குக் கரையில மணல் ஒரு இடத்துல நிக்காது. தென்மேற்குக் காத்து வீசுற மாசங்கள்ல அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல கொஞ்சம் தெற்கே இழுக்கும். வருஷக் கணக்குப் பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். கரையை ஒட்டி ஓடுற ஒரு மணல் ஆறுன்னு வெச்சுக்குங்க. 1989ல அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக ரெண்டு அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டின மாதிரிதான். தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துச்சு, வடக்கே இருந்த நகரத்துக் கடற்கரை கரைஞ்சுபோச்சு.

சென்னைக்காரங்களுக்கு இது புதுக்கதை இல்லை. மெரினா இவ்வளவு அகலமா இருக்கிறதே, 19ஆம் நூற்றாண்டோட கடைசியில கட்டின துறைமுகம் மணலைத் தடுத்து நிறுத்தினதாலதான். அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கல்லைக் கொட்டித்தான் கடலைத் தடுத்து வெச்சிருக்கோம். நாம காத்து வாங்குற மணல், இன்னொருத்தர் இழந்த மணல்.

பாண்டிச்சேரித் துறைமுகத்துக்குத் திட்டம் போட்டப்பவே இதுக்கு ஒரு வழியும் சொல்லியிருந்தாங்க. தெற்கே சேர்ற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடணும். ஆனா அது தொடர்ந்து நடக்கலை. எனக்குத் தோணுற காரணம் ஒண்ணு: மணலை நகர்த்துறது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. கல் கொட்டுறதுன்னா ஒரு டெண்டர், ஒரு பூமி பூஜை, முடிஞ்சது.

அதனால கல் கொட்டினாங்க. நகரம் தப்பிச்சுது, அரிப்பு வடக்கே நகர்ந்துச்சு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இந்த ஊரெல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். துறைமுகம் இருக்கிறது புதுச்சேரி யூனியன் பிரதேசம். மணலுக்கு எல்லை தெரியாது, பட்ஜெட்டுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் அவங்கவங்க எல்லைக்குள்ள கல் போட்டாங்க. நீங்க செரினிட்டி பீச்னு சொல்லி சர்ஃபிங் போறீங்களே, அதுதான் தந்திராயன்குப்பம்.

கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற கல் சுவருக்கு நம்ம ஊர்ல தூண்டில் வளைவுன்னு பேரு. ஒண்ணு போட்டா அதுக்குத் தெற்கே மணல் பிடிக்கும், வடக்கே பள்ளம் விழும். இதைப் பத்திப் பேசுற சுற்றுச்சூழல் ஆட்கள் பல பேர் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்குறாங்க. தூண்டில் வளைவு கேட்டுச் சாலை மறியல் பண்றதே மீனவர்கள்தான். ஏன் கேட்க மாட்டாங்க? பக்கத்து ஊர்ல போட்டுட்டா அடுத்து போறது நம்ம வீடு. ராத்திரி அலை வாசப்படிக்கு வரும்போது மணல் நகர்வு பத்தின விஞ்ஞானம் யாருக்கும் உதவாது. அவங்க அறியாமையில கேட்கலை. வேற எதுவும் கிடைக்காதுன்னு தெரிஞ்சு கேட்கறாங்க.

ஆனா கல் காப்பாத்துறது வீட்டையும் ரோட்டையும்தான். மீனவருக்குக் கடற்கரைங்கிறது தொழில் செய்யற இடம். கரைவலை இழுக்க மணல் வேணும். ஃபைபர் படகை ஏத்தி வைக்கணும், வலையை விரிச்சு சிக்கு எடுக்கணும், கருவாடு காய வைக்கணும். படகு நேரா ஊர்க் கரைக்கு வந்தா அங்கேயே மீனை ஏலம் எடுத்துக் கூடையில கொண்டுபோய் விக்கிற பெண்கள் இருக்காங்க. கரை கல்லாயிடுச்சுன்னா படகு வேற ஊருக்குப் போகுது. அந்த அம்மாவுக்கு விடியக்காலையில ஆட்டோ செலவு, அங்க பெரிய வியாபாரிங்களோட போட்டி. எந்தச் சேதக் கணக்குலயும் இது வராது. வீடு நிக்குது, அதனால 'பாதிப்பு இல்லை'.

இப்போ இதையெல்லாம் காலநிலை மாற்றம்னு ஒரே பேர்ல சொல்றாங்க. கடல் மட்டம் ஏறுறது உண்மை. வட இந்தியப் பெருங்கடல்ல 1993-லிருந்து 2017 வரைக்கும் வருஷத்துக்கு 3.3 மில்லிமீட்டர்னு மத்தியப் புவி அறிவியல் அமைச்சகமே சொல்லுது. ஏற்கெனவே மணல் இல்லாத கரையை ஒரு புயல் வந்து அடிச்சா அடி பலமாத்தான் விழும். ஆனா ஒரு பீச்சே காணாமப் போனதுக்கு அந்த மில்லிமீட்டரை மட்டும் காரணம் காட்டினா, துறைமுகம் கட்டினவங்க சந்தோஷமா நழுவிடுவாங்க.

கோடு போடுற கதையையும் கொஞ்சம் பாருங்க. சுனாமிக்கு அப்புறம், 2005ல தமிழக அரசு ஆணை 172 வந்துச்சு. கடலோட உயர் அலைக் கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள வீடு சேதமானவங்க, அந்தப் பக்கம் தள்ளிப் போனா ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். இங்கேயேதான் இருப்போம்னா இருக்கலாம், சொந்தச் செலவுல சரிபண்ணிக்கணும், உதவி கிடையாது. காரணம் பாதுகாப்பு. 2019ல மத்திய அரசு புதுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கொண்டுவந்துச்சு. மக்கள் நெருக்கமான ஊரகக் கரைகள்ல, கட்டுமானம் கூடாதுன்னு இருந்த 200 மீட்டர் 50 மீட்டராச்சு. கடற்கரையில தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தாங்க. நடுவுல கடல் ஒண்ணும் சாந்தமாகிடலையே!

சரி, பாண்டிச்சேரி மணல் எப்படி வந்துச்சு? தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கரைக்குப் பக்கத்துல தண்ணிக்குள்ள ஒரு செயற்கைத் திட்டு அமைச்சுது. துறைமுகத்துல தூர்வாரின மணலையும் கொண்டுவந்து கொட்டினாங்க. ஆக, முடியும். மனசு வெச்சா, காசு வெச்சா, மணலைத் திருப்பிக் கொண்டுவரலாம். முதல்ல கொண்டுவந்தது ஹோட்டலும் புரொமனாடும் இருக்கிற இடத்துக்கு.

2023-24 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியோட 2,000 கோடி ரூபாய்க்குக் கடலோர மீட்புத் திட்டம் அறிவிச்சிருக்கு. அலையாத்தி வளர்க்கிறது, அரிப்பைத் தடுக்கிறது எல்லாம் அதுல உண்டு. நல்ல விஷயம்தான். நான் அதுல தேடுறது ஒண்ணே ஒண்ணு: வலை காயப்போடுற இடம் வரைபடத்துல இருக்கா? 2023ல கடலோர மேலாண்மைத் திட்ட வரைவுக்குக் கருத்துக்கேட்பு நடந்தப்போ மீனவர்கள் சொன்ன பெரிய புகாரே, எங்க ஊரும் நாங்க புழங்குற இடமும் படத்துல இல்லைங்கிறதுதான். படத்துல இல்லாத இடம் காலியிடம். நாளைக்கு அங்க மணல் திரும்பி வந்தா, காலியிடத்துக்கு முதல்ல மனு போடப்போறது கரைவலைக்காரர் இல்லை.