வண்டி நின்ற இடத்தில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையில் ஏதாவது பேசு" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். அலுவலக விஷயம் பேசினால் பின் வரிசை முழுக்க கேன்டீனுக்குப் போய்விடும். நான் அந்த வரிசையில் நாலு வருஷம் உட்கார்ந்தவன், எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விஷயம் பேசுகிறேன். மண்பாதையில் ஓட்டுவதற்கென்று நான் வைத்திருக்கும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளைப் பற்றி.

ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும் என்ற இந்த வகை வண்டி புதிதல்ல. 1968இல் யமஹா கொண்டுவந்த 250 சி.சி. டிடி-1 தான் இதை உலகமெங்கும் பிரபலமாக்கியது. நம் நாட்டில் 2011இல் ஹீரோ இம்பல்ஸ் 150 சி.சி.யில் வந்தது, சில வருஷங்களில் நின்றுபோனது. பிறகு 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. அதன் கணக்கைப் பாருங்கள். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. முன் ஃபோர்க் 190 மி.மீ. வரை அமுங்கும், பின்பக்கம் 170 மி.மீ. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே 220 மி.மீ. நாம் ஆபீசுக்கு ஓட்டும் வண்டியில் இது 165 மி.மீ. அளவில்தான் இருக்கும். பெரிய சக்கரம் கல்லைச் சாய்வாக ஏறிக் கடக்கும். சின்ன சக்கரம் அதே கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மண்பாதையில் அதுவே எல்லாம்.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 200 சி.சி. வண்டி. நான் சொல்லப் போகும் கோளாறு அந்தக் கம்பெனியின் கோளாறு அல்ல, முழுக்க முழுக்க இந்த மேடையில் நிற்பவனுடையது.

வாங்கி ஒரு வருஷம் நன்றாக ஓடியது. திடீரென்று ஒரு நாள் ரோட்டில் போகப் போக இழுவை குறைந்து, இருமி, நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. அடுத்த வாரம் மறுபடி. பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன். மெக்கானிக் அண்ணனிடம் விட்டால், "சார், வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் பயப்படறீங்க" என்று திருப்பித் தந்துவிடுவார். அவர் ஓட்டிப் பார்த்தபோது ஒரு தடவைகூட நிற்கவில்லை!

ஒன்று மட்டும் கவனித்தேன். பெட்ரோல் நிரப்பிய அன்றுதான் நிற்கிறது. உடனே முடிவு கட்டிவிட்டேன்: பங்க்கில் கலப்படம். பங்க்கை மாற்றினேன். அங்கேயும் அதே கதை. ஊரில் உள்ள எல்லாப் பங்க்கும் கலப்படம் என்று முடிவு செய்தேனே தவிர, என் முடிவு தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நிலையில்தான் என் ஹாஸ்டல் அறைத் தோழனோடு ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன். அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வண்டி. போளூரில் டாங்க்கை நிரப்பினோம். ஏற்றத்தில் என் வண்டி ஒரு தடவை நின்றது. டீ குடித்துவிட்டு வந்தோம், ஓடியது. ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலைக்கிராமத்துக்குப் போகும் மண்பாதையில் இறங்கும் முன், பின்னால் கட்டியிருந்த கேன் குலுங்குகிறது என்று அதிலிருந்த பெட்ரோலை என் டாங்க்கிலேயே வாய் வரை ஊற்றினேன். மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று ஒரு சத்தம். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். உருளும் சரளைக்கல் இறக்கத்தில் நண்பனின் முன் சக்கரம் வழுக்கி விழுந்தான். டயரில் ரோட்டுக்கு அடித்த காற்று அப்படியே இருந்தது. மண்ணில் இறங்கும் முன் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டியவன் நான், சொல்லவில்லை. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கியது. அவன் வண்டியின் ஹேண்டில் கோணிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "வண்டி இங்க கிடக்கட்டும், புள்ளைய முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தன் வாசலில் நிறுத்தி வைத்துக் கொண்டார். அவனை என் பின்னால் ஏற்றிக் கிளம்பினேன். மணி ஐந்தரை.

அரை கிலோமீட்டரில் என் வண்டி நின்றது.

காத்திருந்து ஸ்டார்ட் பண்ணினேன். கொஞ்ச தூரம், மறுபடி நின்றது. செல்போனில் சிக்னல் இல்லை. இருட்டிக் கொண்டு வருகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஃப்யூஸைப் பார்த்தேன். கோபத்தில் டாங்க்கை ஒரு தட்டு தட்டினேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்த நண்பன், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"டேய், இது எப்ப இருந்துடா இப்படி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலடா. முன்னாடி கூடுதல் லைட் ஒண்ணு போட்டேன். ஒயர் இழுக்க டாங்க்கைக் கழட்டி..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்!' இந்தத் தடவை மண்டையில் ஏறியது.

பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக டாங்க்கில் ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. நான் டாங்க்கைத் திரும்ப மாட்டியபோது அது ஃப்ரேமுக்கு அடியில் மடங்கி நசுங்கிவிட்டது. காற்று வர வழியில்லை. உள்ளே வெற்றிடம் கூடக் கூடப் பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை.

சரி, நிரப்பிய அன்று மட்டும் ஏன் நிற்கிறது? முதல் வருஷப் பாயில் விதிதான்! 12 லிட்டர் டாங்க்கை வாய் வரை நிரப்பினால் மேலே அரை லிட்டர் காற்றுதான் இருக்கும். 250 மி.லி. செலவானால் அந்த அரை லிட்டர் முக்கால் லிட்டராக விரிய வேண்டும். அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். அதுவே பாதி டாங்க் என்றால் மேலே 6 லிட்டர் காற்று. அதே 250 மி.லி. போனால் அழுத்தம் நூற்றுக்கு 4 தான் குறையும், வண்டிக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும் போக்கு இதுதான். மெக்கானிக் ஓட்டிய நாட்களில் டாங்க் பாதிக்குக் கீழே இருந்தது, அதனால் அவரிடம் நிற்கவில்லை. பங்க்காரர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள். பாயில் விதிக்கு நான் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் என்பதையும் இங்கே வெட்கத்தோடு சொல்லிக் கொள்கிறேன்.

சீட்டைக் கழற்றி, 10 நம்பர் ஸ்பானரால் ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தி, டாங்க்கைத் தூக்கிக் குழாயை நேராக்க ஐந்து நிமிஷம் ஆனது. அதன்பின் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நண்பனின் மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது, ஆறு வாரம் கட்டு. அன்று வலியோடு அவன் கல்லில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் என் கணக்கில்தான் சேரும்.

தம்பி தங்கைகளே, இந்த மாதிரி வண்டி வாங்க ஆசைப்படுபவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயங்கள்.

பழைய வண்டி என்றால் அடியில் குனிந்து பாருங்கள். இன்ஜின் தட்டில் எவ்வளவு அடி பட்டிருக்கிறது, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா என்பதெல்லாம் விற்பவர் சொல்லாததைச் சொல்லும். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் லேசாகத் தட்டுங்கள். 'டிங்' என்றால் சரி, 'டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது.

செயினை இறுக்கிக் கட்டாதீர்கள். இந்த வண்டிகளில் பின்சக்கரம் மேலே போகும்போது செயின் இன்னும் இறுகும். புத்தகத்தில் போட்டிருக்கும் தளர்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முன் ஸ்பிராக்கெட் பேரிங் கெட்டுப்போகும்.

வண்டி நின்றால் முதலில் கில் ஸ்விட்ச், அடுத்து ஸ்டாண்ட் ஸ்விட்சில் சேறு, அடுத்து பெட்ரோல். கீழே விழுந்து எழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் உண்டு.

ஓடையில் இறங்கி இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றால் மட்டும் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றது. ஆயில் பால் கலந்த மாதிரி தெரிந்தால் ஓட்டாமல் மாற்றுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். விதைத்த நிலத்தில் ஏறாதீர்கள். அந்தப் பாதை நமக்கு விளையாட்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் ரோடு.

எல்லாவற்றுக்கும் மேலே, கோளாறு வந்தால் கடையில் என்ன வாங்கலாம் என்று யோசிக்கும் முன், "இது எப்ப இருந்து? அதுக்கு முன்னாடி என் கை எங்கே பட்டது?" என்று கேளுங்கள். பிளக் மேல், பங்க் மேல், மெக்கானிக் மேல் சந்தேகப்பட எனக்கு ரெண்டு மாசம் நேரம் இருந்தது. என் மேல் சந்தேகப்பட ஒரு நிமிஷம் இல்லை. இப்போது என் வேலையிலும் ஒரு மெஷின் நின்றால் முதல் கேள்வி அதுதான், முதலில் என்னிடமே கேட்டுக் கொள்கிறேன்.

என் நண்பன் கட்டுப் பிரித்த மூன்றாம் மாதமே மறுபடி வண்டி எடுத்தான். போன மாதம் இருவரும் அதே பாதையில் போய், அவன் வண்டியைப் பாதுகாத்துத் தந்த அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தோம். டாங்க் நிரம்பித்தான் இருந்தது. வண்டி நிற்கவில்லை.