பலூனில் ஒருவர், பாறையில் ஒருவர்



இலக்கிய மேடையில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவரை ஏற்றிவிட்டீர்கள். அதன் பலனைக் கால் மணி நேரம் அனுபவிக்கத்தான் வேண்டும்.

2019 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? காலையில் சூரிய கிரகணம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி வைத்தார். "பாத்தியா தம்பி, கெரகணம் புடிச்சதும் எப்படி நிக்குது பாரு" என்றார். கிரகணம் விட்ட பிறகும் உலக்கை நின்றுகொண்டுதான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குழம்புச் சட்டியில் தர்ப்பை கிள்ளிப் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் இலைச் சந்து வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் குட்டிப் பிறையாக மாறியிருந்தது. அங்கே கூடிய பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அம்மாக்கள் வந்து பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கதையின் மீதியை இன்றைக்குச் சொல்லி முடிக்கிறேன்.

1868 ஆகஸ்ட் 18. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர். பிரான்சிலிருந்து பியர் ஜான்சென் என்பவர் வந்து கருவிகளைப் பூட்டிக்கொண்டு காத்திருக்கிறார். வயது 44. சின்ன வயதில் நேர்ந்த விபத்தால் கால் சரியில்லை. சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பார். அந்தக் காலோடு கடல் தாண்டி வந்திருக்கிறார்.

முழு கிரகணம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தது. சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் சிவப்புச் சிவப்பாகத் தீக்கொழுந்துகள் தெரிந்தன. முன்பும் பலர் பார்த்தவைதான். என்ன வஸ்து என்றுதான் யாருக்கும் தெரியாது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியை ஜான்சென் அந்தப் பக்கம் திருப்பினார். பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. ஹைட்ரஜனின் கோடுகள்! கொதிக்கும் வாயு என்பது உறுதியாயிற்று. அந்த நொடியில் அவருக்கு இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு பளிச்சென்று இருக்கும் கோட்டைப் பார்க்கக் கிரகணம் எதற்கு? மறுநாள் காலை, முழுச் சூரியன் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கொழுந்துகளைப் பார்த்துவிட்டார்.

எப்படி முடிந்தது? நம் வீட்டு அப்பள மாவை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியால் தேய்க்கத் தேய்க்க மாவு மெலிந்துகொண்டே போகும். அதில் கிடக்கும் மிளகு மட்டும் மிளகாகவே இருக்கும். சூரியனின் சாதாரண வெளிச்சம் எல்லா நிறமும் கலந்தது. நிறமாலைமானி அதைப் பிரித்து அகலமாகப் பரப்பினால் மாவுபோல மங்கிப்போகும். கொழுந்தின் ஒளி ஓரிரு நிறத்தில் மட்டும் வருவதால் மிளகுபோல அப்படியே நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அதே சூட்சுமம் லண்டனில் இன்னொருவர் மண்டையிலும் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நார்மன் லாக்கியர். போர்த்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் முடிந்து வந்து வானம் பார்ப்பவர். கிரகணம் பார்க்க அவர் இந்தியா வரவில்லை. 1866-லேயே யோசனை சொல்லியாயிற்று, உதவிப் பணமும் வாங்கியாயிற்று. கருவி செய்து தரவேண்டியவர்களோ இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். கல்யாணப் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுக் கடைக்கு நடையாய் நடந்தவர்களுக்கு அவர் பட்ட பாடு புரியும். 1868 அக்டோபர் 16-ல் கருவி கைக்கு வந்தது. 20-ஆம் தேதி பார்த்துவிட்டார். கிரகணம் இல்லாமலே, லண்டன் வானத்திலேயே.

ஜான்சென் இந்தியாவிலிருந்து செப்டம்பரில் கடிதம் எழுதினார். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கவில்லை. கப்பலும் தரைவழியும் மாறி மாறி அந்தக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. லாக்கியரின் செய்தி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி நேரே பாரிஸ் போயிற்று. இரண்டும் பிரெஞ்சு அறிவியல் அகாதெமிக்கு வந்த நாள் ஒன்றே: 1868 அக்டோபர் 26. இடைவெளி சில நிமிடங்கள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். இந்த இரண்டு கூட்டமும் எப்படி என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். 1758-ல் தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1783-ல் கடலூரில் தரையிலும் கடலிலும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி கப்பலில் வந்து சேரும்வரை இங்கே சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட இரண்டு நாட்டாருக்கிடையே, முந்தியது யார் என்ற கேள்வி வந்து விழுந்திருக்கிறது. அறிஞர்கள் உலகத்தில் வரப்புச் சண்டையைவிடக் கொடியது இந்தச் சண்டை.

அகாதெமியில் ஃபாய் என்ற வானியலாளர் எழுந்தார். பெருமையைக் கூறுபோட்டால் அது குறைந்துதான் போகும், இருவருக்கும் முழுதாகவே கொடுத்துவிடலாம் என்ற பொருளில் பேசினார். சபை ஏற்றது. 1872-ல் ஒரு பதக்கம் வந்தது. அதில் இரண்டு முகமும் சேர்ந்தே இருக்கும்.

நம் பக்கம் அதே காலத்தில் என்ன நடந்தது? இதைச் சொல்லலாமா என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். இந்தப் புவனகிரியிலிருந்து மிதிவண்டியில் போய்வரக்கூடிய மருதூரில் பிறந்தவர் வள்ளலார். சிதம்பரத்தில் 1864-ல் சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தவர் ஆறுமுக நாவலர். இருவருக்கும் கூத்தப்பெருமான்தான் உயிர். 1867-ல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியது. அது அருட்பாவா, மருட்பாவா என்று இருவர் தரப்புக்கும் இடையே மூண்ட சண்டை 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படி ஏறியது. அந்த வழக்கைப்பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினார். பத்து வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்கு ஊற்றினார். இருவரும் எதிர்த்து நின்ற ஆபத்து ஒன்றேதான்: பசி. அந்த அடுப்புகளுக்கு முன்னால் அவர்கள் இருவரும் ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மஞ்சக்குப்பத்தை மறந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். 1874-ல் வள்ளலார் மறைந்த பிறகு அதற்கு வழியே இல்லாமல் போயிற்று. போகட்டும்.

ஒரே ஆபத்தை எதிர்கொண்டு நெருங்கும் அந்த வாய்ப்பு ஜான்செனுக்கும் லாக்கியருக்கும் வாய்த்தது. பதக்கம் கிடைப்பதற்கு முன்பே வாய்த்தது.

1870 டிசம்பர் 22-ல் மத்தியதரைக் கடல் பக்கம் முழு கிரகணம். அந்த செப்டம்பரிலேயே பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்துவிட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதும் நின்றுபோயின. சனங்கள் குதிரையைத் தின்று, எலியைத் தின்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜான்சென் அதற்குள் மாட்டிக்கொண்டார். இங்கிலாந்து அறிவியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. கிரகணம் பார்க்கப் போகும் இந்த மனிதரை விட்டுவிடுங்கள் என்று பிரஷ்யத் தரப்பில் பேசி, வெளியே வர அனுமதி வாங்கிவிட்டார்கள். போட்டியாளர் வரமுடியாமல் போனால் ஆய்வுக்களம் தமக்கே என்று இருந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஜான்சென் அந்த அனுமதியை எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 2, விடிவதற்கு முன்னால், வோல்டா என்ற பலூனில் ஏறிவிட்டார். கூட ஒரே ஒரு கப்பல்காரர். தொலைநோக்கியைப் பிரித்துப் பெட்டி பெட்டியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பலூனுக்குத் திருப்ப சுக்கானும் இல்லை, நிறுத்த பிரேக்கும் இல்லை. காற்று போன போக்குத்தான். நான்கு நாள் முன்பு கிளம்பிய ஒரு பலூன் கடலுக்குள் போய்த் திரும்பவே இல்லை. இன்னொன்று நார்வே நாட்டில் போய் விழுந்திருந்தது. கீழே துப்பாக்கியோடு பிரஷ்யச் சிப்பாய்கள். கால் சரியில்லாத 46 வயது மனிதர் ஒரு பிரம்புக் கூடைக்குள் நின்றுகொண்டு அந்த இருட்டில் மேலே போகிறார். உச்சிப்பொழுதுக்கு முன் லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கமாக இறங்கினார். அங்கிருந்து அல்ஜீரியாவின் ஓரான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

லாக்கியர் அதே கிரகணத்துக்காக சிசிலித் தீவுக்குப் புறப்பட்டார். ஏறிய கப்பலின் பெயர் சைக்கி. எட்னா எரிமலை தெரியும் கரையோரத்தில் அது பாறையில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. கருவிகளைப் படகில் இறக்கிக் கரை சேர்த்தார்கள்.

ஒருவர் பலூனில், ஒருவர் பாறையில். இத்தனைக்கும் பிறகு கிரகணம் என்ன ஆயிற்று? ஓரானில் மேகம் மூடிக்கொண்டது. ஜான்செனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிசிலியிலும் மேகம். லாக்கியருக்கு ஓரிரு விநாடிதான் கிடைத்தது. சிரிக்காதீர்கள். தோற்ற கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆள் வேண்டுமே! ஐந்து மணி நேரம் காற்றில் தொங்கியது எதற்காக என்று பாரிஸில் யாருக்குப் புரியும்? லண்டனில் ஒருவருக்குப் புரியும். கப்பல் பாறையில் ஏறியபோது முதலில் எந்தப் பெட்டியை எடுக்கவேண்டும் என்று போர்த்துறை அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? பிரான்சில் ஒருவருக்குத் தெரியும். அவர்களுடைய சிநேகம் கெட்டிப்பட்டது இங்கேதான் என்பது என் கணக்கு.

ஒரு வருடம் கழித்து, 1871 டிசம்பர் 12. கிரகணம் நம் பக்கமே வந்தது. மலபார்க் கரையிலிருந்து நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திரிகோணமலை என்று நிழல் ஓடியது. லாக்கியர் பேக்கல் கோட்டையில் இறங்கினார். ஜான்சென் நீலகிரியில் சோலூர் கிராமத்தில் கூடாரம் அடித்தார். இந்தத் தடவை வானம் ஏமாற்றவில்லை. முழு கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றி வெண்மையாக ஓர் ஒளிவட்டம் தெரியும். அதற்குக் கரோனா என்று பெயர். முகக்கவசம் தேடாதீர்கள், இது வேறு. அந்த ஒளியில் பெரும்பகுதி நம் பூமியின் காற்றுமண்டலம் காட்டும் மாயம் என்று லாக்கியர் வாதாடி வந்தவர். சோலூரில் ஜான்சென் கண்ட கோடுகள் அதற்கு நேர் எதிராக, அது சூரியனுடையதே என்று காட்டின. லாக்கியர் கையில் அப்போது ஒரு பத்திரிகை இருந்தது. அவரே 1869 நவம்பரில் தொடங்கிய நேச்சர். இன்றைக்கு உலகமே மதிக்கும் அறிவியல் இதழ். தன் கருத்தை உடைத்த ஜான்செனின் கடிதத்துக்கு அதிலேயே இடம் கொடுத்தார். நம் சிற்றிதழ் ஆசிரியர்கள் சிலரை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். குண்டூரில் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகத்தில் இருக்கும். அது முழுச் சரியில்லை. சோடியத்துக்குப் பக்கத்தில் இருந்தும் சோடியத்தோடு சேராத ஒரு மஞ்சள் கோடு அந்தக் கொழுந்துகளின் ஒளியில் இருந்தது; அதைத் துருவிப் பார்த்து ஹீலியம் என்று பெயர் வைக்கும் வரை போனவர் லாக்கியர். மசூலிப்பட்டினத்தில் அதே 1868 கிரகணத்தைப் பார்த்த சென்னை வானாய்வகத்து போக்சனும் அந்த மஞ்சள் கோட்டைக் குறித்திருக்கிறார். அதே வானாய்வகத்துச் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குப் போய் அதே கிரகணத்தைப் பார்த்தார். அவர்கள் முகம் எந்தப் பதக்கத்திலும் இல்லை. ஹீலியம் பூமியில் கைக்கு அகப்பட 1895 ஆயிற்று. ராம்சே என்ற வேதியியலாளர் எடுத்தார். ஜான்செனும் லாக்கியரும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். எந்த இரண்டு என்று நான் சொல்லமாட்டேன். ரிசல்ட் வந்தால் இரண்டு பள்ளியும் கடைத்தெருவில் எதிரும் புதிருமாக பிளக்ஸ் கட்டுவது ஊருக்கே தெரியும். கட்டுங்கள், தப்பில்லை. 2031 மே 21-ஆம் தேதி, கோடை விடுமுறையில், உச்சி வெயில் நேரத்தில், தென்தமிழ்நாட்டின் மேல் ஒரு வளைய கிரகணம் போகிறது. புவனகிரியில் முழு வளையம் கிடைக்காது, ஆனால் சூரியனில் பெரும்பகுதி மறையும். அன்றைக்கு இரண்டு பள்ளியும் ஒரே மைதானத்தில் ஒரே வெள்ளைத் துணியைக் கட்டி, தொலைநோக்கியிலிருந்து விழும் சூரியனை ஊருக்குக் காட்டவேண்டும். வெறுங்கண்ணால் யாரும் பார்க்கக் கூடாது. அதற்கான கண்ணாடிக்கு என் ஓய்வூதியத்திலிருந்து முதல் ஐந்நூறு ரூபாயை இதோ இந்த மேசையில் வைக்கிறேன். பள்ளிக்கு ஒருவராக மேலே வந்து, சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.