பீலித் தண்ணீர் எங்கே போகிறது?

2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்த மழையை நினைவுபடுத்தத் தேவையில்லை. பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் மழை. டொன் வலி பார்க்வேயில் கார்கள் நீரில் நின்றன. பேஸ்மென்ட் கசிவைத் திருத்துவது என் தொழில்; அன்று மத்தியானத்திலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. "தம்பி, பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணி, உடன வாங்கோ." எற்றோபிக்கோ, மிசிசாகா என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே குரல்தான்.

அழைப்பவர்கள் வழமையாகக் கேட்பது, "சுவருக்கு உள்பக்கம் என்ன பூசலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கட பீலித் தண்ணி எங்க போகுது?" பலருக்குக் கொஞ்சம் கோபம் வரும். நான் கீழே நிற்கிற தண்ணீரைச் சொல்கிறேன், இவன் கூரையைப் பற்றிக் கேட்கிறானே என்று.

சரி, கணக்குப் பார்ப்போம். உங்கள் கூரை 100 சதுர மீட்டர் பரப்பு என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 2,500 லீட்டர் தண்ணீர். வீட்டுக்கு நாலு இறக்குக் குழாய்கள் இருந்தால் ஒவ்வொன்றாலும் 600 லீட்டருக்கு மேல் இறங்கும். அந்தக் குழாய் சுவரிலிருந்து ஒரு அடி தூரத்தில் முடிந்தால், அவ்வளவு தண்ணீரையும் நீங்களே அத்திவாரத்தின் காலடியில் ஊற்றுகிறீர்கள்.

அங்கே மண் எப்படி இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். இங்கே குளிர்காலத்தில் நிலம் உறைவதால் அத்திவாரம் நாலடிக்குக் குறையாமல் கீழே போகவேண்டும். வெட்டுவதோடு வெட்டாக இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைக்கும். பேஸ்மென்ட் இந்நாட்டில் வழக்கமானதற்கு அது ஒரு பெரிய காரணம். தோண்டிய குழி வீட்டைவிட அகலம். சுவரைக் கட்டியபின் இடைவெளியை மண்போட்டு மூடுவார்கள். அந்த மண் பெரும்பாலும் பழைய இறுக்கத்துக்கு வராது. வருசக்கணக்காகத் தாழ்ந்துகொண்டே போகும். அதைச் சுற்றி இருப்பதோ பல இடங்களில் தண்ணீர் இலேசில் ஊறாத களிமண். ஆக வீடு ஒரு பெரிய சட்டிக்குள் இருக்கிறது. சட்டிக்குள் விட்ட தண்ணீர், வேறு வழி இல்லாவிட்டால் சுவர் வெடிப்பைத்தான் தேடும்.

ஸ்காபரோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. பின்மூலையில் ஒவ்வொரு கோடையும் கசிவு. வெளியே சுவரோரம் முழுக்கத் தோண்டி, நீர்புகாச் சவ்வு ஒட்டவேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலை சொல்லியிருந்தார். நான் போன அன்று நல்லகாலமாக மழை. (நேயர்களே, மழை பெய்யும்போதுதான் வீட்டைப் பார்க்கவேண்டும். வெயிலில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.) இரண்டு பேரும் குடையோடு வெளியே போனோம். பின்மூலைப் பீலி மேப்பிள் இலைகளால் அடைத்து, தண்ணீர் விளிம்பால் சுவரோடு வழிந்தது. அதற்குக் கீழே, சுவரை ஒட்டி, பலகை அடித்து உயர்த்திய பாத்தி. கத்தரியும் மிளகாயும் அப்படியொரு செழிப்பு! மண் சுவரின் பக்கம் சரிந்திருந்தது. பலகையோ தண்ணீரை வெளியே போகவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

"அப்ப தம்பி, என்ர கத்தரித் தோட்டமோ காரணம்?"

"பாதி அதுதான் சேர்."

பீலியைத் துப்புரவாக்கி, இறக்குக் குழாயை இரண்டு மீட்டர் நீட்டினோம். பாத்தியை வேலிப்பக்கம் மாற்றி, சுவரோரம் களிமண் போட்டு இறுக்கி, வெளிப்பக்கம் சரிவு வைத்தோம். மிஞ்சியது ஒரு மெல்லிய வெடிப்பு. அதற்குள் பொலியூரித்தேன் செலுத்தி அடைத்தோம். தோண்டும் வேலை தேவைப்படவில்லை. எல்லா வீட்டுக்கும் இதே முடிவு வரும் என்று சொல்லமாட்டேன். அத்திவாரத்தின் அடியில் ஓடும் வடிகுழாய் பழைய காலத்துக் களிமண் குழாயாக இருந்து, சேறும் வேரும் ஏறி அடைத்திருந்தால் தோண்டத்தான் வேண்டும். ஆனால் மலிவானதை முதலில் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இறக்குக் குழாயை நிலத்துக்குள் கழிவுநீர்க் குழாயோடு இணைக்காதீர்கள். ரொறன்ரோவில் அந்த இணைப்பைத் துண்டிப்பது சட்டம். நீட்டும் குழாயைப் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமும் திருப்பிவிடாதீர்கள். பிறகு வேறு பிரச்சினை.

நேரம் ஓடிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன். சுவர் ஈரமாக இருந்தால் அது கசிவா, வெறும் காற்றின் ஈரமா? பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், ஈரமுறிஞ்சி மெசின் போதும். சுவர்ப்பக்கம் நனைந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது.

தண்ணீர் தரைவடிகாலால் நாற்றத்தோடு மேலேறினால் அது வேறு கதை, பெரும்பாலும் தெருக் கழிவுநீர்க் குழாய் நிறைந்துவிட்டது. அதைத் தடுக்க பேக்வாட்டர் வால்வ் பூட்டலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடியில் குளிக்கவோ, உடுப்புத் தோய்க்கவோ, மலசலகூடத்தில் தண்ணீர் இழுக்கவோ கூடாது. உங்கள் தண்ணீரே வெளியேற வழியில்லாமல் கீழே வந்து நிற்கும். அத்திவாரத் தண்ணீரை வெளியேற்ற சம்ப் பம்ப் வைத்திருப்பவர்கள் பற்றரியும் வையுங்கள், பெருமழையோடு மின்சாரமும் போவது வழமை. வடை சுட்ட எண்ணெய் சிங்குக்குள் வேண்டாம் அக்காமாரே, குழாயில் படிந்து அடைத்துவிடும். பேஸ்மென்டில் தண்ணீர் மின்செருகுதுளை உயரத்துக்கு வந்திருந்தால் எந்தச் சாமான் மிதந்தாலும் இறங்கவேண்டாம்.

வால்வுக்கும் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரசபை மானியம் தருகிறது. நிபந்தனைகளை 311க்கு அழைத்து, வேலை தொடங்கமுன் கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் கழிவுநீர் மேலேறுவது தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்த வார இறுதியில் பீலியைத் துப்புரவாக்க ஏணியை எடுப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே படிக்கவந்த பிள்ளைகளின் கட்டிலும் கணினியும் தரையோடுதான் இருக்கின்றன. ஏணியை ஒருவர் பிடிக்கட்டும், தனியே ஏறவேண்டாம்.