எம்.ஜி.பி.க்கு எந்த எஞ்சின்?

இன்று நான் பேச வந்தது ஒரு பழைய காரைப் பற்றி. "இதுக்கோ உங்களுக்கு வானொலியில நேரம் தந்தவை?" என்று மனைவியே கேட்டுவிட்டா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் மகன் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்றை வாங்கி, ஹரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் விட்டிருக்கிறான். இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் செய்தார்கள். குளிருக்கு முன் ரேடியேற்றரில் உறைபனித் தடுப்புத் திரவம் விடுவது என் பொறுப்பு. மறந்துவிட்டேன். ஜனவரியில் சிலிண்டர் புளொக் வெடித்துவிட்டது.

"அப்பா, இனி ரோவர் வி8 போடுவம்" என்றான். அவன் கேட்டதில் பிழையில்லை. 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே ஜி.ரி. மாடலில் அந்த 3528 சி.சி. எஞ்சினைப் பூட்டி 2591 கார்கள் விட்டது. அலுமினிய வார்ப்பு என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எடை பழைய இரும்பு எஞ்சினை ஒட்டித்தான் வரும். வலு 95 குதிரையிலிருந்து 137 ஆகும். ஆனால் எங்கள் கார் முந்திய ரகம். எஞ்சின் அறையின் தகட்டை அடித்து இடம் எடுக்க வேண்டும். கியர்பொக்ஸ், ரேடியேற்றர், பிரேக் எல்லாம் கூடவே மாறும். யானை வாங்கினால் அங்குசமும் வாங்கத்தானே வேண்டும்.

ஒரு நண்பர், யூலெஸ் கட்டணத்துக்காகவாவது புது எஞ்சின் போடச் சொன்னார். அது தவறான எண்ணம். 2023 ஓகஸ்ட் 29 முதல் அந்த 12.50 பவுண் கட்டணம் இலண்டன் முழுவதற்கும் வந்தது உண்மை. ஆனால் 40 வயது கடந்து, வரலாற்று வாகனமாகப் பதிவான கார் வியாபாரத்துக்கு ஓடாவிட்டால் விலக்கு உண்டு. எஞ்சின் மாற்றினால் டி.வி.எல்.ஏ.க்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள். மாற்றம் பெரிதானால் எம்.ஓ.ரி. விலக்கும் போகலாம்.

நான் பழைய 1798 சி.சி.யையே கேட்டேன். காரணத்தை மகனுக்குச் சொன்னதில்லை. அது பி-சீரிஸ் எஞ்சின். ஊரில் ரக்சியாக ஓடிய ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜின் 1489 சி.சி.யும் அதே குடும்பம். பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் ஒரு கராஜில் கையாள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கண் எரியும் புகை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கும். அப்படியும் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே வெளியேறியபோது, நாவற்குழிப் பக்கம் அம்மாவைக் கொண்டுபோனது அப்படியொரு ஏ55தான். நடந்து வந்திருந்தால் அவ தாங்கியிருக்கமாட்டா.

கராஜில் வைத்து ஒருநாள் இதைச் சொன்னேன். "உனக்கு வி8 வேணுமெண்டால் போடு தம்பி, கார் உன்ரை" என்றும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேர் ஏறினீங்கள்?" ஒன்பது பேர்.

இரண்டு கிழமையில் பாவித்த 1798 புளொக் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். ஈயப் பெற்றோல் 2000இலேயே கடையை விட்டுப் போனதால், சிலிண்டர் தலைக்குக் கடின வால்வு சீற் போடக் கொடுத்திருக்கிறோம். எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளச்சையும் மாற்றிவிடுங்கள். பிறகு அதற்காக மறுபடி எஞ்சினை இறக்க வேண்டிவரும்.

இம்முறை திரவம் விடுவது மகனின் பொறுப்பு.