மனுதாரர் யார்?



இந்த நினைவுரை எந்தத் தோழரின் பெயரில் நடக்கிறதோ, அவர் வாழ்நாள் முழுக்க மனு எழுதியவர். எழுதுவது மட்டுமே தன் வேலை, கேட்பது ஊரின் வேலை என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கத் தாமதமானது.

அவர் இருந்த காலத்தில் நம் மன்றம் ஒரு சுடுகாட்டுப் பாதைக்காக ரிட் மனு போட்டது. பாதை மறிக்கப்பட்ட ஊரில் பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப் போனார்கள். முதல் நாள் விசாரணையில் பாதையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மனுதாரர் அந்த ஊர்க்காரரா, மன்றம் பதிவு பெற்றதா, பாதை அடைபட்டதால் அவருக்கு என்ன பாதிப்பு என்றே கேள்விகள் வந்தன. பதில் இல்லாமல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் வந்தோம். அந்த வாரமும் ஒரு பிணம் வரப்பில்தான் போனது.

வழக்குத் தொடுக்கும் தகுதி என்று இதைச் சொல்கிறார்கள். வழக்கறிஞர்கள் வாயில் அது லோகஸ் ஸ்டாண்டி, அதாவது நிற்பதற்கான இடம். நிற்க இடம் உண்டா என்ற கேள்வி நமக்குப் புதிதா என்ன? தெருவிலும் குளத்தங்கரையிலும் கோயில் வாசலிலும் கேட்டுப் பழகியதுதான்.

மகாடு குளத்து வழக்கை நினைத்துப் பாருங்கள். 1927இல் சவுதார் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் அள்ளினார்கள். நீதிமன்றத்துக்கு முதலில் போனவர்கள் சாதி இந்துக்கள். குளம் தங்களுடையது என்று அவர்கள் வழக்குப் போட, அண்ணல் அம்பேத்கர் பிரதிவாதியாக நின்றார். பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 மார்ச் ஆகிவிட்டது. பிரதிவாதியாகவே நின்று பழகிய மக்களுக்கு வாதியாகும் உரிமையைத் தந்தவை அரசியலமைப்பின் 32ஆம், 226ஆம் உறுப்புகள். 32ஆம் உறுப்பு இல்லையென்றால் இந்தச் சட்டமே இல்லை என்கிற பொருளில் அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் பேசியது வெறும் அலங்காரம் அல்ல.

ஆனால் அந்தக் கதவில் முதலில் நுழைந்தவர்கள் யார்? வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து 1950இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் செண்பகம் துரைராஜன். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது அவர் குறை. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இதைக் குறிப்பிடுகிறது. ஆனாலும் அதைக் காட்டி மனு தள்ளுபடியாகவில்லை. 1951 ஏப்ரல் 9 அன்று விழுந்தது அரசாணைதான். அதற்குப் பிறகு இங்கே எழுந்த கிளர்ச்சியும், அரசியலமைப்பின் முதல் திருத்தமும், 15(4) வந்ததும் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பிக்காதவருக்கு நிற்க இடம் கிடைத்தது. பிணம் தூக்கியவர்களுக்காகப் போன எங்களிடம் பதிவுச் சான்று கேட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பதிவு பெறாத சங்கமும் ரிட் மனு போடலாம் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்ன வழக்கை நம் தோழர்கள் ஆசையோடு மேற்கோள் காட்டுவார்கள். அது ரயில்வே ஊழியர் சங்கம் ஒன்றின் வழக்கு. பெயரிலேயே 'சுரண்டப்பட்டவர்' என்ற பொருள்படும் சொல் உண்டு. அவர்கள் எதிர்த்தது பதவி உயர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உள்ள இடஒதுக்கீட்டை. வழக்கில் தோற்றார்கள், ஆனால் வாசலைத் திறந்துவிட்டுப் போனார்கள். நாம் அதை எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

நெருக்கடி நிலைக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் நிலைமை மாறியது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரைகளை வைத்து 1979இல் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். சக கைதியின் சித்திரவதை பற்றித் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதமே மனுவானது. வறுமையாலும் இயலாமையாலும் வர முடியாதவருக்காக நல்லெண்ணம் கொண்ட எவரும் வரலாம் என்று 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதி பகவதி எழுதினார். நீதிபதிகளின் நியமனமும் இடமாற்றமும் பற்றி வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு அது. பரீதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளுக்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதமும் இந்த வழியில்தான் உள்ளே போனது.

இதைக் கொண்டாடும்போதே எங்களுக்கு ஓர் உறுத்தலும் உண்டு. நமக்காக வருகிறவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அங்கே பேசுகிறவர் அவர், பேசப்படுகிறவர்கள் நாம். அவர் சமரசத்துக்குச் சம்மதித்தால் நம்மைக் கேட்கவா போகிறார்கள்?

அதனால்தான் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் போட்ட வழக்கை மாணவர்கள் முழுசாகப் படிக்க வேண்டும். மலம் அள்ளும் சமூகத்திலிருந்து எழுந்த இயக்கமே அங்கு மனுதாரர். தங்கள் மாநிலத்தில் அந்த வேலையே இல்லை என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் கொடுக்க, இருக்கிறது என்று இவர்கள் ஆதாரம் காட்டினார்கள். பதினோரு வருடம் இழுத்தது. 1993 முதல் சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் என்ற உத்தரவு 2014 மார்ச்சில் வந்தது. 2023இல் இன்னொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமானது. குழிக்குள் சாவது நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

நடைமுறைக்கு வருவோம். ஆளைக் காணோம் என்றால் ஆட்கொணர்வு மனுவை உறவினரோ நண்பரோ போடலாம், தகுதிக் கேள்வி பெரிதாக எழாது. அதிகாரியைச் செய்ய வைக்கும் மாண்டமஸ் அப்படியல்ல. முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அவர் மறுத்தோ மௌனமாகவோ இருந்திருக்க வேண்டும். அந்த ஒப்புகை அட்டையைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பணி தொடர்பான குறையைப் பொதுநல வழக்காகக் கொண்டு போகாதீர்கள், பாதிக்கப்பட்ட ஊழியரே போக வேண்டும்.

சுடுகாட்டுப் பாதைக்கு இரண்டாம் முறை போனபோது, தன் தாயை அந்த வரப்பில் தூக்கிப் போனவர் முதல் மனுதாரர். மன்றம் கடைசி மனுதாரர். வட்டாட்சியருக்குக் கொடுத்த மனுவும் ஒப்புகையும் இணைப்பில் இருந்தன. மனுதாரர் யார் என்று இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை. பாதையின் சர்வே எண் என்ன என்று கேட்டார்கள். சொன்னோம்.