“உங்களுக்கு ஒண்ணுமில்லை”

(மைசூரில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, “சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் பேசியாகிவிட்டது. புதிதாக ஏதாவது சொல்லுங்கோ” என்றார். ஆகவே இன்று பெயரில்லாத ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரில்லையே தவிர, அது இல்லாத அகமே இல்லை என்று நினைக்கிறேன்.

தலை பாரம், கழுத்து வலி, நெஞ்சு படபடப்பு, வயிற்று உப்புசம், கை கால் குடைச்சல், அசதி, தூக்கமின்மை. ஒன்று போனால் இன்னொன்று வரும். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிடும், எல்லாம் நார்மல். டாக்டர் சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு ஒண்ணுமில்லை, தைரியமா இருங்கோ” என்பார். அழைத்துப்போன பிள்ளைக்கு நிம்மதி. வலி மட்டும் இருந்தபடியே இருக்கும். “அப்படியானால் நான் நடிக்கிறேன் என்கிறார்களா?” என்று அந்த மாமி ராத்திரி விழித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

இந்த வாக்கியத்தை நாற்பது வருஷ ப்ராக்டீஸில் நானும் ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு கிராமத்து அம்மாள். அவருடைய ஊர் கோபிநத்தம்.

மாதேஸ்வர மலையைத் தாண்டி, பாலாறு வழியாகக் காட்டுக்குள் போனால் வரும் எல்லைக் கிராமம் அது. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போய்விட்டது. கர்நாடகத்தில் இருந்தாலும் அங்கே பேச்சு தமிழ்தான். வீரப்பன் பிறந்த ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் தங்கி, ஜனங்களுக்கு மருந்து உதவிக்கு வழி செய்து, மாரியம்மன் கோவிலும் கட்டிக்கொடுத்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸை அவ்வளவு பேர் அறியமாட்டார்கள். சரணடைய விரும்புவதாகச் சொல்லி அழைத்துப்போய், 1991 நவம்பரில் அவரைக் கொன்றுவிட்டார்கள். மறு வருஷம் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

அதன் பிறகு அந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டு பயங்களுக்கு நடுவில் வாழ்ந்தார்கள். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் விசாரணை. தடா சட்டத்தில் கைதாகி மைசூர் சிறையில் வருஷக்கணக்கில் இருந்த பலர், 2001ல் குற்றம் நிரூபணமாகாமல் விடுதலையானார்கள். தேடுதல் வேட்டையில் நடந்த கொடுமைகளைப் பற்றி விசாரிக்க 1999ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்த தேசிய மனித உரிமை ஆணையம், 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க 2007ல் பரிந்துரை செய்தது. இதை அரசியலுக்காகச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் ஆபத்து என்று ஒரு ஊரே பழகிப்போயிருந்தது, அதற்காகச் சொல்கிறேன்.

2005க்குப் பிறகு சில வருஷங்கள், நண்பர்களோடு மாதம் ஒரு ஞாயிறு அங்கே போய் இலவசமாக நோயாளிகளைப் பார்ப்பேன். தமிழ் தெரிந்த டாக்டர் என்பதால் என் முன்னால் வரிசை கொஞ்சம் நீளம். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வருவார். “ஒடம்பெல்லாம் நோவுது, நெஞ்சு படபடங்குது, கிறுகிறுன்னு வருது, தூக்கமில்லீங்க” என்பார். மூன்று மாதம் பார்த்தேன். மூன்று மாதமும் “ஒண்ணுமில்லேம்மா” என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தேன். நாலாவது மாதம் அவர் எழுந்திருக்கவில்லை. “ஒண்ணுமில்லேன்னா, நான் பொய் சொல்றேனுங்களா டாக்டரய்யா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “இது எப்போம்மா ஆரம்பிச்சுது?” என்று கேட்டேன். மூன்று மாதமாக அதை நான் சரியாகக் கேட்கவே இல்லை!

“அவரு ஜெயில்லேர்ந்து வந்தப்புறம்” என்றார். “உள்ள இருந்த வரைக்கும் எனக்கு ஒரு தலைவலி வந்ததில்லீங்க. ஆடு மேச்சேன், புள்ளைங்கள வளத்தேன். அவரு வந்தாரு, பேசவே மாட்டேங்கிறாரு. அப்புறந்தான் எனக்கு நோவு.” பத்து நிமிஷம் பேசியிருப்பார், அழவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த வைத்தியம் அன்றைக்கு அவ்வளவுதான்.

இங்கே விஞ்ஞானத்தையும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் 1989ல் வெளியான ஓர் ஆய்வில் 1000 வெளிநோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்தார்கள். மார்வலி, அசதி, தலைசுற்றல், முதுகுவலி முதலான 14 சாதாரணத் தொந்தரவுகளுக்கு, உடல் கோளாறு என்று காரணம் கண்டுபிடிக்க முடிந்தது 16 சதவீதத்துக்குத்தான். ஆக, காரணம் புலப்படாத வலி என்பது அபூர்வ சமாசாரம் அல்ல.

காரணம் புலப்படாவிட்டால் வலி பொய்யா? வாசல் காலிங்பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மழைச்சாரல் பட்டு ஸ்விட்சில் ஈரம் இறங்கிவிட்டால், யாரும் அழுத்தாமலே மணி அடிக்கும். கதவைத் திறந்து பார்த்தால் ஆளில்லை. ஆள் இல்லை என்பது நிஜம், மணி அடித்ததும் நிஜம். கோளாறு ஸ்விட்சில் இருக்கிறது. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு மண்டலமும் இப்படித்தான். நீண்ட கவலை, தூக்கக்கேடு, பழைய காயம் என்று பல காரணங்களால் அது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இப்படிப்பட்ட வலிக்கு 2017ல் தனிப்பெயரே கொடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலை 2013ல் திருத்தியபோது, “காரணம் தெரியாத” என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். தொந்தரவு மனிதரை எவ்வளவு வாட்டுகிறது என்று பார்த்தால் போதும் என்றார்கள்.

இனி பேச்சுக்கு வருவோம். 1984ல் இரண்டு ஆய்வாளர்கள் டாக்டர் அறையில் நடக்கும் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரி 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். 1987ல் இங்கிலாந்தில் தாமஸ் என்ற குடும்ப மருத்துவர், நோய் எதுவும் புலப்படாத 200 பேரை இரண்டு விதமாகப் பார்த்தார். சிலரிடம் நம்பிக்கையாக, “இது இன்னது, சில நாளில் சரியாகிவிடும்” என்றார். மற்றவர்களிடம், “என்னவென்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை” என்றார். இரண்டு வாரத்தில் குணம் கண்டவர்கள் முதல் வகையில் 64 சதவீதம், இரண்டாவது வகையில் 39 சதவீதம். சொல்லுக்கு அவ்வளவு சக்தி.

“நோயாளிகள்தான் டெஸ்ட் வேண்டும், மாத்திரை வேண்டும் என்று பிடுங்குகிறார்கள்” என்று எங்கள் டாக்டர் ஜாதி சொல்வது வழக்கம். 2004ல் இங்கிலாந்தில் இதையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான நோயாளிகள் தங்கள் மனக்கஷ்டத்தைப் பற்றி ஏதாவது குறிப்புக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். மாத்திரை, பரிசோதனை என்று அதிகமாகப் பேச்சை எடுத்தவர்கள் டாக்டர்கள்தான்.

எல்லாவற்றையும் “மனசு” என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. இதற்கு என் குடும்பத்திலேயே சாட்சி உண்டு. என் சித்தி, வயது எழுபத்து மூன்று. “மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி உள்ளங்கால் எரியறதுடா” என்றாள். அசதி, மறதி, நடையில் தள்ளாட்டம். சித்தப்பா போன துக்கம் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த மூவரில் நானும் ஒருவன். ஒரு வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண் டாக்டர் பி12 பார்த்தாள். மிகக் குறைவு. சுத்த சைவம், பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தினமும் காஸ் மாத்திரை. பி12 குறைய இந்த மூன்றும் வழி செய்பவை. பாலும் தயிரும் ஓரளவு தரும், வயதானால் அது போதாமல் போகலாம். ஊசி போட்டதில் அசதியும் மறதியும் குறைந்தன. காலில் மரத்த உணர்ச்சி முழுவதும் திரும்பவில்லை. அந்த ஒரு வருஷத்தை என்னால் சித்திக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே, “காரணம் இன்னும் தெரியவில்லை” என்பது வேறு, “நோய் இல்லை” என்பது வேறு. முதலாவதைச் சொல்லும் டாக்டர் தேடிக்கொண்டே இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் கதவைச் சாத்திவிடுகிறார்.

சரக ஸம்ஹிதையில் வைத்தியத்துக்கு நான்கு பாதங்கள் சொல்லியிருக்கிறது: வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. நோயாளிக்கும் நான்கு குணம் வேண்டுமாம்: ஞாபகம், சொன்னபடி நடத்தல், பயமின்மை, தன் நோயை எடுத்துச் சொல்லும் திறன். கோபிநத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பயம் இருக்கிற இடத்தில் நோயை எடுத்துச் சொல்வது எப்படி? நம் அகங்களில் அந்த மாதிரிப் பயம் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வெளிநாட்டில், ஃபோனில் “சௌக்கியமா?” என்றால் “சௌக்கியம்” என்றுதான் பதில். “தனியா இருக்க பயமா இருக்கு” என்று சொல்ல வாய் வராது. “முதுகு வலிக்கறது” என்று சொல்ல வரும். வயிற்று வலியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் அது வெளியே வரலாம்.

நடைமுறைக்குச் சில யோசனைகள்.

1. டாக்டரிடம் போகுமுன் ஒரு சீட்டில் எழுதுங்கள்: எது அதிகத் தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது, அந்தச் சமயத்தில் அகத்தில் என்ன நடந்தது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், நாட்டு மருந்து உட்பட.

2. உங்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். “எங்கப்பா கேன்ஸர்ல போனார், எனக்கும் அதுவோன்னு பயமா இருக்கு” என்ற ஒரு வாக்கியம், டாக்டருக்குப் பத்து டெஸ்டை விட உபயோகம்.

3. கூடப் போகிறவர் பதில் சொல்லக் கூடாது. “அவளுக்கு ஒண்ணுமில்லே டாக்டர், சும்மா நெனச்சுண்டே இருப்பா” என்று ஆரம்பிக்கும் மாமாக்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஐந்து நிமிஷம் வெளியே உட்காருங்கள்.

4. ஊரெல்லாம் டாக்டர் மாற்றாமல், ஒருவரிடம் தொடர்ந்து போங்கள். வலி வந்தால்தான் போவது என்றில்லாமல் மாதம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், வலியைக் காட்டித்தான் பேச இடம் கிடைக்கும் என்ற நிலை போய்விடும்.

5. பரிசோதனைக்கு முன்பே, “இது நார்மல் என்று வந்தால் அடுத்து என்ன செய்வோம்?” என்று கேளுங்கள்.

6. எடை குறைதல், விடாத ஜுரம், ரத்தப்போக்கு, புதிதாக வந்த மார்வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

7. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபப்படாதீர்கள். “பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம், நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று மூடி மறைத்துச் சீரழிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

இளம் டாக்டர்கள் இந்தச் சபையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும் இருந்ததில்லை. முதல் இரண்டு நிமிஷம் குறுக்கே பேசாமல் இருங்கள். “ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் வலி நிஜம், சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். இதற்கு இரண்டு வினாடி போதும்.

கோபிநத்தத்து அம்மாளுக்கு நான் அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ரத்தசோகை கொஞ்சம் இருந்தது, அதற்கு மருந்து. வாரா வாரம் யாரோ போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தச் சொன்னேன். காலிங்பெல் கதை அங்கே செல்லாது. நரி வராமலே குரைக்கும் நாயைச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். மாதா மாதம் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரவேண்டும் என்று ஏற்பாடு. ஒரு தடவை அவர் கணவரும் வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியாகப் பார்த்தபோது, “நோவு போயிருச்சா?” என்று கேட்டேன். “நோவு இருக்குதுங்க. ஆனா ஆடு ஓட்டிக்கிட்டுப் போறேன்” என்றார். மஞ்சள் பையைக் கொண்டுவரவில்லை.