பிசுக்கு போனால்தான் பெயிண்ட் நிற்கும்

சமையலறை அலமாரிக்கு எப்போதோ அடித்த வார்னிஷ் இப்போது கறுத்துப் போயிருக்கும். புதிதாகச் செய்யத் தச்சர் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். பலகை உளுத்துப் போகாமல் உறுதியாக இருக்கிறதா? பெயிண்ட் போதும்.

ஆனால் வார்னிஷ் மேல் நேரே அடித்துவிடாதீர்கள். உரிந்து வந்துவிடும். வியர்த்த நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா?

முதலில் பிசுக்கு போக வேண்டும். தாளிக்கிற புகையும் எண்ணெயும் கைப்பிடி ஓரத்தில்தான் அதிகம் அப்பியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். நம்மவர்கள் அவசரப்படுவது இங்கேதான்.

பிறகு உப்புத்தாள். வார்னிஷை முழுக்கச் சுரண்ட வேண்டாம். பளபளப்பு மங்கினால் போதும். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு ஒரு கோட்டிங் பிரைமர். அது காய்ந்ததும் எனாமல், மெல்லிசாக இரண்டு கோட்டிங். கனமாக அடித்தால் வழியும்.

செலவைக் குறைக்கணுமா? அலமாரியின் உட்புறத்தை விட்டுவிடுங்கள். அங்கே டப்பாக்கள்தானே இருக்கின்றன! பிரைமரை மட்டும் விடாதீர்கள். பிசுக்கு எடுப்பதையும் விடாதீர்கள். கைப்பிடிகளைக் கழற்றி வைத்து, அதே திருகாணியில் மாட்டிவிடலாம். அடித்த கதவை ஒரு வாரத்துக்காவது ஈரத்துணி போட்டுத் தேய்க்காதீர்கள்.